நேட்டாலுக்கு வழி சொல்லும் நல்லையா

ரங்கூனிலிருந்து நேட்டாலுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கப்பல் ஆபீசுக்குப் போக மாட்டார்கள். டல்ஹவுசி தெருவில் நின்று பசுண்டாங் டிராம் வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்த வண்டியில் காக்கிக் கோட்டும் தோளில் தோல்பையுமாக நல்லையா நிற்பது தெரிந்தால் ஏறிக்கொள்வார்கள். வேறு கண்டக்டர் என்றால் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். ஓரணா டிக்கெட்டில் ஒரு தேசத்தின் நடப்பெல்லாம் கையில் வந்துவிடுகிறபோது காத்திருக்கக் கசக்குமா?

"நல்லையாண்ணே, ஜூன் மாசம் அங்க போய் எறங்கறேன். மழை இருக்குமோ?"

"மழையா? பல்லு கிட்டிப்போகும்! நமக்கு ஆனி ஆடின்னா அவனுக்கு மார்கழி. நமக்குத் தை மாசம்னா அவனுக்குக் கத்திரி வெயில். கம்பளி ரெண்டு இங்கயே வாங்கிக்க. சூலே! சூலே பகோடா எறங்கறவங்க எறங்கு!"

"சாமான் என்னென்ன கொண்டு போகலாம்?"

"விதை, செடி, பழம் ஒண்ணும் கூடாது. துறைமுகத்துலயே புடுங்கித் தூரப் போட்டுடுவான். அம்மை குத்திக்கிட்ட சர்டிபிகேட்டைப் பெட்டிக்குள்ள வைக்காதே, மடியில வை. ரூபா செல்லாது. ஷில்லிங்கு. கப்பல்லயே மாத்தித் தாரேன்னு ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு வருவான், அவன் மூஞ்சியைப் பாக்காதே. எறங்கி டிராம் ஏறுனியான்னா, நமக்கு மாடியில, பின் பக்கத்துப் பெஞ்சிதான். முன்னால காலியாக் கெடக்கேன்னு போய் உக்காந்து அவமானப்படாதே."

இப்படிச் சொல்லிக்கொண்டே டிக்கெட்டும் கிழிப்பார், மணிக்கயிறும் இழுப்பார். கேட்கிறவன் எதிரே கடலும் கரையும் எழும்பி நிற்கும். போய் வந்தவர்கள் திரும்பி வந்து, "அண்ணே, நீங்க சொன்ன இடத்துலதான் பஸ்ஸு நின்னுச்சு" என்று சொல்லும்போது நல்லையாவுக்கு முகம் மலரும். உடனே வாடியும் போகும். ஏனென்றால் அந்தப் பஸ்ஸை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயதில் விட்டு வந்த தேசம். பதினெட்டு வருஷமாகிவிட்டது.

அவர் பிறந்தது நேட்டாலில், டர்பனுக்கு வடக்கே ஒரு கரும்புத் தோட்டத்தில். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாகப் போன அப்பா, ஒப்பந்தமெல்லாம் முடிந்து 1910ஆம் வருஷம் மனைவி காளியம்மாவையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். மூத்தவள் ரத்தினம்மாளுக்கு அந்த வருஷம்தான் அங்கேயே கல்யாணம் ஆகியிருந்தது. பதினாறு வயதுப் பெண் துறைமுகத்தில் நின்று கை காட்டினாள். கப்பல் திரும்பிற்று. ஊருக்கு வந்தால் நிலமும் இல்லை, வீடும் இல்லை. சீக்கிரத்தில் அப்பாவும் இல்லை. தாயும் மகனும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரங்கூன் வந்து சேர்ந்தார்கள். காளியம்மா அரிசி ஆலையில் புடைத்தாள். மகன் வளர்ந்து டிராமில் ஏறினார், அம்சவேணியைக் கட்டினார், பசுண்டாங் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு மரவீட்டின் மாடியில் குடியிருந்தார்.

அக்காளுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தபோது நல்லையாவுக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. நலம், நலத்துக்குப் பதில் என்று நாலு வரியில் முடிந்துவிடும். ஒரு நாள் டிராமில் ஒரு தையற்காரர் நேட்டால் போகிறேன், அங்கே கத்தரிக்கோல் கொண்டு போகலாமா என்று கேட்டார். அதை அக்காளிடம் கேட்டு எழுதினார். பதில் வந்தபோது ஆறு பக்கம் இருந்தது. கத்தரிக்கோலில் தொடங்கி, துறைமுகத்துச் சோதனை, வெயில், தெரு, சந்தை, காய்கறி வாசம் வரை போயிருந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. போகிறவர்கள் கேட்கும் கேள்வியெல்லாம் கடிதமாகப் போகும். போய்ச் சேர ஐந்தாறு வாரம், பதில் வர ஐந்தாறு வாரம். "தம்பி, இந்திய மார்க்கெட்டு வாசலிலிருந்து எங்கள் கேட்டோ மேனருக்கு நம்மாள் ஒருவர் பஸ் விடுகிறார் என்று சொல்" என்று அக்காள் எழுதினால், அந்தப் பஸ்ஸில் அவளும் ஏறுகிறாள், கூடையை மடியில் வைத்துக்கொள்கிறாள் என்று தம்பிக்குத் தெரியும். உன்னைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரு தடவைகூட எழுதிக்கொண்டதில்லை. பஸ் எப்போது புறப்படும் என்றுதான் எழுதிக்கொண்டார்கள்.

"ஊருக்கெல்லாம் வழி சொல்றீங்களே, ஒரு தடவை நீங்க போனா என்ன?" என்று அம்சவேணி இடிப்பாள்.

"போனா, உனக்கு யாருடி சோறு போடுவா?"

"ஆமா, இப்பப் போட்டுக் கிழிச்சீங்க. ராத்திரி சாப்பிடும்போதுகூட நேட்டால்லதானே இருக்கீங்க."

1928ஆம் வருஷம் ஜூலையில் வந்த கடிதத்தில் பஸ்ஸும் இல்லை, வெயிலும் இல்லை. ரத்தினம்மாளின் மூத்த மகள் தைலம்மாளுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். "தாய்மாமன் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். என் கல்யாணத்தில் எனக்குத் தாய்மாமன் இல்லை, தோட்டத்துக் கூலி லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நின்றார். என் மகளுக்கும் அப்படி ஆக வேண்டாம். கல்யாணத்துக்கு வந்து போகிறவர்களுக்கு மூன்று மாதம் அனுமதி தருகிறார்கள். நான் இங்கே கேட்டிருக்கிறேன். வா."

கடைசியில் ஒரே சொல். நல்லையா அந்தக் கடிதத்தை டிராமிலேயே பத்துத் தடவை படித்திருப்பார். அன்று டிக்கெட் வாங்காமல் எத்தனை பேர் இறங்கிப் போனார்களோ!

அக்டோபரில் அனுமதிக் கடிதம் வந்தது. டைப் அடித்து, முத்திரை குத்தி, ஜனவரி முதல் மார்ச்சு முடிய என்று தேதி போட்டிருந்தது. நல்லையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாஸ்போர்ட் வாங்கப் போனார். அங்கே இருந்த குமாஸ்தா கடிதத்தைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"உம்ம பேரு நல்லையா. அனுமதி வந்திருக்கிறது சபாபதிக்கு. சபாபதி யாரு?"

"நான்தாங்க."

"அப்ப நல்லையா யாரு?"

"அதுவும் நான்தாங்க."

குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

நம் வீடுகளில் இது புதிதல்ல. மூத்த ஆண் பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைக்க வேண்டும். தாத்தா என்றால் தாய்க்கு மாமனார். புருஷன் பெயரைப் போலவே மாமனார் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது. சபாபதி என்று அப்பா ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பெற்றவள் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? நல்லையா என்றாள். அவள் கூப்பிட்டதையே லயம் கூப்பிட்டது, ஊர் கூப்பிட்டது, ரங்கூனும் கூப்பிட்டது. டிராம் வேலைக்குச் சேரும்போதும் அதையே எழுதினார். அக்காளோ அங்கே ஆபீசில் கேட்டபோது, அவர்கள் பிறப்பு ரிஜிஸ்டரைப் புரட்டி, அதில் இருந்த தம்பிக்கு அனுமதி எழுதிவிட்டார்கள். மாற்றச் சொல்லி எழுதினால் போய் வர மூன்று மாதம். தை பிறந்து போய்விடும்.

"இரண்டும் ஒரே ஆள்தான் என்று தெரிந்தவர்கள் யாராவது மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் பண்ணட்டும். பெற்றவர்கள் இருந்தால் நல்லது" என்றார் குமாஸ்தா.

நல்லையாவுக்குச் சுமை இறங்கிவிட்டது. பெற்றவள்தான் வீட்டிலேயே இருக்கிறாளே! வீட்டுக்கு வந்து சொன்னார். காளியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அந்தப் பேரை நான் எப்புடிடா சொல்லுவேன்?"

"அம்மா, தாத்தா போய் எத்தனை வருஷமாச்சு!"

"செத்துட்டா பேரு செத்துருமா? கழுத்துல தாலி ஏறுன நாள்லேர்ந்து வாயில வந்ததில்ல. இப்ப வெள்ளைக்காரன் கேட்டான்னு சொல்லவா?"

"உன் பேத்தி கல்யாணம்மா."

"வேற யாரையாச்சும் சொல்லச் சொல்லு."

வேறு யார் இருக்கிறார்கள்? அந்த லயத்தில் இருந்தவர்களில் ரங்கூனுக்கு வந்தது இவர்கள் இரண்டு பேர்தான். அம்சவேணி மாமியாரைத் தாஜா செய்து பார்த்தாள், சண்டையும் போட்டுப் பார்த்தாள். கடைசியில் நவம்பர் இருபதாம் தேதி கோர்ட்டுக்கு வருவதாகக் காளியம்மா ஒத்துக்கொண்டாள். வருகிறேன் என்றுதான் சொன்னாள். சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பவர் சென்னைப் பக்கத்து மனிதர். சுறுசுறுப்பாகத்தான் ஆரம்பித்தார்.

"அம்மா, இவர் உங்க மகனா?"

"ஆமாங்க."

"நேட்டால்ல பொறந்தப்போ என்ன பேர் வெச்சீங்க?"

"நல்லையா."

"அது கூப்பிடற பேர். ரிஜிஸ்டர்ல எழுதின பேர்?"

"அதை அவங்கப்பால்ல எழுதினாரு."

"என்னன்னு எழுதினார்?"

"அவரோட அப்பா பேரை."

"அவரோட அப்பா பேர் என்ன?"

காளியம்மா முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மொழிபெயர்ப்பவர் குரலைத் தணித்துக்கொண்டு, "சபாபதிதானே? தலையை ஆட்டுங்க, போதும்" என்றார். அவள் ஆட்டினாள். மாஜிஸ்திரேட் அதைப் பார்த்துவிட்டு, நீர் சொல்லிக் கொடுத்ததற்கு ஆட்டிய தலையை நான் எழுத முடியாது, சாட்சி தன் வாயால் சொல்லட்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். எழுதிக் காட்டலாம் என்றால் அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"சாமி, நான் பொய் சொல்லல" என்றாள் காளியம்மா. "அவரு பேரு ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"உங்க ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில இருக்கும்மா. கோர்ட்டு ரங்கூன்ல இருக்கு."

மறுபடியும் சிரிப்பு. நல்லையா தாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வாய் திறந்தது, உதடு கூடிற்று, ஏதோ வரப்போகிறது என்று இருந்தது. வரவில்லை. கண்ணில்தான் தண்ணீர் வந்தது. மாஜிஸ்திரேட் நல்லவர், அதட்டவில்லை. டிசம்பர் பதினான்கு என்று வாய்தா போட்டார்.

நல்லையாவுக்குக் கப்பல் நாளெல்லாம் மனப்பாடம். ரங்கூனிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து ரயிலில் பம்பாய், பம்பாயிலிருந்து இருபது நாளுக்கு மேல் கடல். தை மாதக் கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் டிசம்பர் ஐந்தாம் தேதிக் கப்பலை விட்டால் வேறு கிடையாது. வேறு யாராவது கேட்டிருந்தால் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொல்லியிருப்பார், "இனிமே புண்ணியமில்லப்பா" என்று.

அன்று சாயங்காலம் படியேறும்போது உள்ளே மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"பேரு ஒரு சாக்கு. உங்களுக்கு அவரை அனுப்ப மனசில்ல, அதானே அத்தை?" என்றாள் அம்சவேணி.

முறத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு காளியம்மா சொன்னாள்:

"சாக்கு இல்லடி. நெசமாவே வாயி வரல. ஆனா வராதது நல்லதுன்னும் உள்ள ஒண்ணு சொல்லுது. ரெண்டு பெத்தேன். ஒண்ணை அந்தக் கரையில நிக்க வச்சுட்டு வந்தேன். மூணு மாசம்னு போறவன் அக்காளைப் பாத்ததும் திரும்புவானா? அந்த மண்ணு விடாதுடி. எனக்கே இன்னும் விடல."

நல்லையா மேலே ஏறவில்லை. அப்படியே இறங்கி, நடந்தே மொகல் தெருவுக்குப் போனார்.

அங்கே பர்கத்துல்லா ராவுத்தருக்கு ஜவுளிக்கடை. டர்பனில் அவர் மச்சானுக்கும் ஒரு கடை உண்டு. கணக்கு வழக்குப் பார்த்து வர ஐந்தாம் தேதிக் கப்பலில் போகிறார். நல்லையாவும் அவரும் சேர்ந்தே போவதாகத்தான் பேச்சு.

"வாங்க தம்பி, கோர்ட்டு என்னாச்சு?"

நல்லையா கையிலிருந்த துணிப்பையை மேசைமேல் வைத்தார். அக்காள் மகளுக்கு எடுத்து வைத்திருந்த கூறைச் சேலை. ராவுத்தர் பையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"கொண்டு போய்க் குடுக்கணும், அவ்வளவுதானே? குடுத்திடறேன். இன்ஷா அல்லா."

"குடுத்தா மட்டும் போதாது பாய். மாமன் எடத்துல நீங்க நிக்கணும். புள்ளையைக் கையைப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"நானா? தாடியும் தொப்பியுமா நான் வந்து நின்னா ஐயரு மந்திரத்தை மறந்துடுவாரே தம்பி!"

"அக்கா ஒண்ணும் சொல்லமாட்டா. அவ தெருவுல குஜராத்தி, தெலுங்கு, சாயபு எல்லாரும் ஒரு பைப்புலதான் தண்ணி புடிக்கிறாங்க."

ராவுத்தர் சேலையை வெளியே எடுத்து மடிப்புக் கலையாமல் தடவிப் பார்த்தார். ஜவுளிக்காரர் கை, விலை மதிப்பு சொல்லும். ஆனால் அவர் விலை கேட்கவில்லை. "வழி சொல்லு" என்றார்.

நல்லையா சொன்னார். டிராமில் சொல்வதுபோல் வேகமாக இல்லை. துறைமுக வாசலில் கொம்பு வைத்த தலைப்பாகையோடு ரிக்ஷாக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், பயப்பட வேண்டாம், பெரிய தெரு வரைக்கும் டிராமே போதும். மணிக்கூண்டு தெரிந்ததும் இறங்கி, மசூதியைத் தாண்டி நடந்தால் இந்திய மார்க்கெட்டு. மல்லிகை விற்கிறவர்கள் வரிசை முடிகிற இடத்தில் கேட்டோ மேனர் பஸ். சனிக்கிழமை என்றால் கூட்டம், முன்னாலேயே போய் இடம் பிடிக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது பஸ் திணறும், சிலசமயம் ஆட்களை இறங்கி நடக்கச் சொல்வார்கள். மேடு முடிந்ததும் சின்னக் கோயில். அங்கே இறங்கி, தோட்டங்களுக்கு நடுவே இறங்குகிற மண் பாதை. கீரைப் பாத்தி, அப்புறம் தகரக் கூரை வீடு, வாசலில் இரண்டு மாமரம்.

"அப்புறம்?"

"அப்புறம் வீடுதான் பாய்."

"வாசப்படி எந்தப் பக்கம்? நான் பாட்டுக்குக் கொல்லை வழியாப் போய் நிக்கப்போறேன்."

நல்லையா யோசித்தார். இத்தனை வருஷத்துக் கடிதமும் மனத்தில் புரண்டது. "அதை அக்கா எழுதல. நானும் கேக்கல" என்றார்.

ராவுத்தர் சேலையை மடித்துப் பையில் வைத்தார். "இவ்வளவு வழி தெரிஞ்சவன் இங்க நிக்கிறே. திக்குத் தெரியாத நான் போறேன். என்னத்தச் சொல்றது" என்றார்.

ஐந்தாம் தேதி காலையில் நல்லையாவுக்கு வேலை இருந்தது. டிராம் துறைமுகத்துப் பக்கம் போகும்போது கப்பல் ஊதிற்று. ஒரு பர்மியக் கிழவர் காசை நீட்டிக்கொண்டே நின்றார். கை நீண்டே இருந்தது. கண்டக்டர் வாங்கவில்லை. பிறகு டிரைவர் திரும்பிப் பார்த்து, பர்மியரைப்போல் அண்ணன் முறை வைத்து, "கோ நல்லையா!" என்று கத்தினான்.

அதன் பிறகு ஒன்பது நாள் அவர் யாருக்கும் வழி சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "கப்பல் ஆபீசுல கேளுங்க" என்றார். வீட்டில் கோபமாக ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் காளியம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் தின்றார், வேலைக்குப் போனார், வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஓடையையும் அதற்கு அப்பால் தாகேதா பக்கத்து வயல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காளுக்கு எழுதக் காகிதம் எடுப்பார், வைத்துவிடுவார்.

பதினான்காம் தேதி காலை அவர் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது காளியம்மா குளித்து, நல்ல சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறோடு வந்து நின்றாள்.

"எங்கம்மா?"

"கோர்ட்டுக்கு. இன்னிக்குத்தானே தேதி?"

"இனிமே எதுக்கும்மா? கப்பல் போயிடுச்சு."

"கோர்ட்டு இருக்குல்ல? வா."

அதே மொழிபெயர்ப்பவர். அவளைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். சத்தியப் பிரமாணம் ஆனது. "அம்மா, உங்க மகனுக்கு ரிஜிஸ்டர்ல எழுதின பேர்..." என்று அவர் இழுக்கும்போதே, கேள்வி முடியும் முன்னால்,

"சபாபதி" என்றாள் காளியம்மா.

உரக்கத்தான் சொன்னாள். பின் பெஞ்சில் சிரிக்கக் காத்திருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். "எம் மாமனாரு பேரு. எம் மவன் பேரு. நான்தான் நல்லையான்னு கூப்பிட்டேன். தப்பு என்மேலதான். எழுதிக்குங்க." சொல்லிவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். மாஜிஸ்திரேட் எழுதினார். அவள் கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தார்கள்.

நல்லையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பது வயதில் பெற்றவள் வாயால் தன் பெயரை முதல்தடவை கேட்கிறார். சந்தோஷமா, துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று வாரம் முன்னால் அந்தச் சொல் வந்திருந்தால் இந்நேரம் நடுக்கடலில் இருந்திருப்பார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றார்கள்.

"அம்மா, கல்யாணத்துக்கு இனிப் போக முடியாதும்மா."

"கல்யாணத்துக்குன்னு யாருடா சொன்னா? அந்தப் புள்ளைக்கு ஒண்ணு பொறக்காதா? காது குத்த மாமன் வீட்டாளு வேணாமா? இந்தக் காகிதத்தை வச்சு மறுபடி கேளு."

"கேட்டா ஒடனே வராது. வருஷம் ஆனாலும் ஆகும். குடுக்காமலும் இருக்கலாம்."

"ஆகட்டும். உனக்கு மட்டும் கேக்காதே, எனக்கும் சேத்துக் கேளு."

நல்லையா அவளைப் பார்த்தார். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் விரல் மையைத் துடைத்தாள். அது போகவில்லை.

"உனக்குக் கேக்கணும்னா நெறைய விசாரிப்பாங்கம்மா" என்றார்.

"எம் புருஷன் பேரு கேப்பானா?"

"கேப்பாங்க."

காளியம்மா டிராம் நிற்கிற இடம் வரைக்கும் முன்னால் நடந்தாள். வண்டி வந்து நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படியில் வைத்தவள் திரும்பினாள்.

"கேக்கட்டும்" என்றாள்.